ரிச்மண்டில் ஓர் ஓய்வு நாள்: நெடுநடை செல்லும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் செயின்ட் பீஸ் என்னும் சிற்றூரில் தொடங்கி, கிழக்குக் கரையில் ராபின் ஹூட்ஸ் பே வரை செல்லும் கோஸ்ட் டு கோஸ்ட் நடைபாதையை மலைநடை நூலாசிரியர் ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1973-இல் வகுத்தளித்தார். ஏறத்தாழ 190 மைல், அதாவது 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். பெரும்பாலோர் இரண்டு வாரங்களில் முடிக்கும் இந்த நடையின் நடுவே ஒரு நாளாவது கால்களுக்கு விடுப்புக் கொடுக்க வேண்டும். அந்த நாளை எங்கே செலவிடுவது என்று கேட்பவர்களுக்கு, வடக்கு யார்க்‌ஷயரில் ஸ்வேல் ஆற்றின் மேல் நிற்கும் ரிச்மண்டையே நான் தயக்கமில்லாமல் சொல்வேன். பாதை தொடும் ஊர்களில் இதுவே பெரியது. பாதித் தூரத்தைக் கடந்து, மலைப்பகுதி முடிந்து, மறுநாள் நீண்ட சமவெளி தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. மருந்துக்கடை, காலணிக் கடை, பணம் எடுக்கும் இயந்திரம், பேருந்து எல்லாம் ஒரே திடலைச் சுற்றிக் கிடைக்கின்றன.

ஆனால் இந்த ஊரைப் பற்றி ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரிச்மண்ட் ஒரு குன்றின் மேல் கட்டப்பட்ட ஊர். கோட்டையும் சந்தைத் திடலும் மேலே இருக்க, அருவி, பழைய பாலம், பழைய ரயில் நிலையம், மடாலயம் ஆகியவை கீழே ஆற்றோரம் இருக்கின்றன. முதல் முறை வந்தபோது நான் காலையில் அருவியைப் பார்க்க இறங்கி ஏறினேன், நண்பகலில் பாலத்துக்கு இறங்கி ஏறினேன், மாலையில் ரயில் நிலையத்துக்கு மீண்டும் இறங்கி ஏறினேன். நடந்த நாட்களில் வராத முழங்கால் வலி அன்று இரவுதான் வந்தது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டு விதிகளின் மேல் அமைந்திருக்கிறது: அன்றைய நாளில் இறக்கமும் ஏற்றமும் ஒரே ஒரு முறை, நாளைய பாதையே காட்டப்போகும் இடத்தை இன்று தேடிப் போக வேண்டாம்.

முன்பதிவு செய்யும்போது

இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற பெயரில் இரண்டு புகழ்பெற்ற ஊர்கள் உண்டு. லண்டனில் தேம்ஸ் கரையில் இருப்பது பிற்காலத்தது. ரிச்மண்ட் பிரபுவாக இருந்து அரசரான ஏழாம் ஹென்றி, தீயில் அழிந்த ஷீன் அரண்மனையை மீண்டும் கட்டியபோது, தம் யார்க்‌ஷயர்ப் பட்டத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். நெடுநடைக்காரர்களுக்கு உரியது மூத்த ஊர். அறை பதிவு செய்யும்போது ‘வடக்கு யார்க்‌ஷயர்’ என்ற சொல்லையும், அஞ்சல் குறியீடு ‘டிஎல்10’ என்று தொடங்குவதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இப்போது ரயில் ஓடுவதில்லை. பக்கத்து ரயில் நிலையம் டார்லிங்டன். அங்கிருந்து பேருந்தில் சந்தைத் திடலுக்கே வந்துவிடலாம். துணைக்கு வரும் நண்பரையோ பாதியில் சேர்ந்துகொள்பவரையோ இந்த வழியில் வரச் சொல்லுங்கள்.

அறையை இரண்டு இரவுகளுக்கு ஒரே வீட்டில் எடுங்கள். ஓய்வு நாளின் காலையில் மூட்டை கட்டி வேறு விடுதிக்கு மாறுவது அந்த நாளின் பாதியைத் தின்றுவிடும். பெட்டியை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையை அமர்த்தியிருந்தால், இங்கே ஒரு நாள் இடைவெளி உண்டு என்பதை முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தூங்கும்போதே பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடக்கூடும். அறை சந்தைத் திடலுக்கு அருகில், மேட்டில் இருக்கட்டும்.

கிழமையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். முதலாம் எலிசபெத் அரசி 1576-இல் வழங்கிய பட்டயம் இந்த ஊருக்குச் சனிக்கிழமைச் சந்தையை உறுதி செய்தது, இன்றும் வாராந்தரச் சந்தை கூடுவது அதே கிழமையில்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு படி கீழே. கடைகள் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், பேருந்துகளும் குறையும். குளிர்காலத்தில் கோட்டை எல்லா நாளும் திறந்திருக்காது என்பதால், நாளை முடிவு செய்வதற்கு முன் அதன் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

காலை: முதலில் துணியும் காலும்

சுற்றிப் பார்க்கும் ஆவலில் துவைப்பதை மாலைக்குத் தள்ளிவைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. வட இங்கிலாந்தின் ஈரக் காற்றில் தடித்த காலுறை உலர ஒரு முழுப் பகல் வேண்டும். ஆகவே சிற்றுண்டிக்கு இறங்குவதற்கு முன்பே, விடுதி நடத்துபவரிடம் துணி துவைத்துத் தருவார்களா, உலர்த்த இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நடைபயணிகளை ஏற்றுப் பழகிய பல வீடுகளில் சிறு கட்டணத்துக்கு இதைச் செய்துகொடுக்கிறார்கள். நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சூடேற்றியின் மேல் வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டுப்பசையும் விட்டுப்போகும்.

அடுத்து கால்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து விரலிடுக்கு வரை பாருங்கள். கொப்புளம் இருந்தால் மருந்துக்கடையில் அதற்கென்றே விற்கும் மெத்தென்ற ஒட்டுப்பட்டையை வாங்கிப் போடுங்கள். சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் கடையிலுள்ள மருந்தாளுநரிடம் காட்டுங்கள். இங்கிலாந்தில் மருந்தாளுநர்கள் சந்திப்பு நேரம் இல்லாமலேயே ஆலோசனை சொல்வார்கள், அதற்குக் கட்டணமும் இல்லை. அன்று முழுவதும் மலைக் காலணியைத் தொடாமல், இலேசான காலணியோடு நடங்கள். அதன் அடிப்பாகம் வழுக்காததாக இருக்கட்டும். காரணம், சந்தைத் திடல் முழுவதும் உருளைக் கற்கள் பாவப்பட்டது, மழை பெய்தால் அது வழுக்கும்.

சந்தைத் திடலை வாசிப்பது

இங்கிலாந்தின் பெரிய சந்தைத் திடல்களில் ஒன்று இது. பார்த்தவுடன் இதன் வடிவம் புரியாது. கோட்டையின் வெளி முற்றமாக இருந்த இடம் காலப்போக்கில் சந்தையானதால், கடைகளும் வீடுகளும் கோட்டையை அணைத்து வளைந்து நிற்கின்றன. தெருப் பெயர்களைப் படிக்க ஒரு சிறு குறிப்பு உதவும். யார்க்‌ஷயரின் பழைய பேச்சில் ‘கேட்’ என்றால் வாசல் அல்ல, தெரு. ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் விட்டுச்சென்ற சொல் அது. வாசலைக் குறிப்பது ‘பார்’. ‘வைண்ட்’ என்பது சந்து. இது தெரிந்தால் ‘ஃபிரெஞ்ச்கேட்’ என்ற பெயரில் வாயிலைத் தேட மாட்டீர்கள். ஊரின் பெயரே பிரெஞ்சு மொழியிலிருந்து வந்ததுதான். ‘வலிய குன்று’ என்பது அதன் பொருள். 14-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தியரின் தாக்குதலுக்கு அஞ்சி எழுப்பிய ஊர்மதிலில் இரண்டு சிறு வாசல்கள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் ஒன்று ஃபிரையர்ஸ் வைண்டில் இருக்கிறது. திடலிலிருந்து சில அடி தூரம்தான், ஏற்றமும் இல்லை.

திடலின் நடுவே நிற்கும் ஹோலி டிரினிட்டி ஆலயத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்தச் சிற்றாலயத்தின் சுவரோடு கடைகள் ஒட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. கோயில் மதிலை ஒட்டிப் பூக்கடையும் பாத்திரக்கடையும் வரிசையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆலயத்துக்குள் இப்போது இருப்பது, 1688-இல் திரட்டப்பட்ட கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவின் அருங்காட்சியகம். அருகில் நிற்கும் கல்தூண் 1771-இல் பழைய சந்தைச் சிலுவையின் இடத்தில் எழுப்பப்பட்டது. ஊருக்குக் குழாய் வழியே வந்த நீரைச் சேர்த்துவைத்த தொட்டி அதன் அடியில் இருக்கிறது.

மறுநாள் மதிய உணவை இங்கேயே வாங்கிவிடுங்கள். ரிச்மண்டைத் தாண்டிய சமவெளிப் பாதையில் கடைகள் மிகக் குறைவு. ரொட்டி, ஆப்பிள், ஸ்வேல்டேல் அல்லது வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி போதும். இரண்டும் இந்தப் பள்ளத்தாக்குகளின் பெயரைத் தாங்கியவை. சைவ உணவு உண்பவர்கள் அந்தப் பாலாடைக்கட்டியில் சேர்த்த உறைபொருள் விலங்கிலிருந்து எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள், விற்பவர்கள் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. யார்க்‌ஷயரின் மீன் வறுவல் கடைகள் பலவற்றில் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். ‘வெறும் சிப்ஸ் தானே’ என்று வாங்கிவிடாமல், எதில் பொரிக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

கோட்டை: நாளின் பெரும்பகுதி

திறக்கும் நேரத்திலேயே கோட்டைக்குள் போய்விடுவது நல்லது. இங்கிலாந்தில் இன்னும் பல பழைய இடங்களைப் பார்க்கும் எண்ணம் இருந்தால், இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு வெளிநாட்டுப் பயணிகளுக்கென விற்கும் 9 நாள் அல்லது 16 நாள் அனுமதிச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம், இந்தக் கோட்டையும் அதில் அடங்கும்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றார்கள். வடபகுதி அடங்க மறுத்தபோது, 1069-70 குளிர்காலத்தில் முதலாம் வில்லியமின் படை ஊர்களையும் விளைச்சலையும் எரித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது. அந்தச் சாம்பலின் மேல், ஏறக்குறைய 1071-இல், பிரிட்டனிப் பிரபுவான சிவந்த ஆலன் இந்தக் கோட்டையைத் தொடங்கினார். மரமும் மண்மேடுமாக அன்று எழுந்த பல கோட்டைகளுக்கு மாறாக, இது தொடக்கத்திலிருந்தே கல்லால் கட்டப்பட்டது. அந்த முதல் காலத்து மதில் இன்னும் பெருமளவு நிற்பதே இதன் தனிச்சிறப்பு. உள்ளே நுழைந்ததும் பலர் நேராகக் கோபுரத்தை நோக்கிப் போகிறார்கள். நீங்கள் முதலில் முற்றத்தைக் குறுக்கே கடந்து, தென்கிழக்கு மூலையிலுள்ள ஸ்காலண்டின் கூடத்துக்குப் போங்கள். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கல் மாளிகைக் கூடங்களில் ஒன்று அது. மாடியில் கூடம், கீழே சரக்கறை என்ற அமைப்பு, தளம் இடிந்துபோன பிறகும் உத்தரங்கள் பொருந்தியிருந்த குழிகளிலிருந்து தெளிவாகப் புரிகிறது. ஏற்றம் இல்லாத இந்த மூலையில் அரை மணி நேரம் உட்காரலாம்.

பிறகு கோபுரம். ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள இது கோட்டை தோன்றி ஒரு நூற்றாண்டு கழித்து, பழைய நுழைவாயிலின் மேலேயே எழுப்பப்பட்டது. அதன் அடியிலுள்ள பெரிய வளைவு முந்தைய வாசலின் வளைவு. படிகள் குறுகலானவை, உயரமானவை. முழங்கால் நோகிறவர்கள் இதில் ஏற வேண்டாம். ஏற்றத்தைவிட இறக்கமே மூட்டைச் சோதிக்கும். கால் நன்றாக இருந்தால், கைப்பிடியைப் பற்றி மெதுவாக ஏறுங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் நீங்கள் நடந்து வந்த பள்ளத்தாக்கும், மறுபக்கம் நாளை நடக்கவேண்டிய சமவெளியும் விரியும். திடலும் ஆலயமும் காலடியில் கிடக்கும்.

இந்தக் கோட்டையில் நான் அதிக நேரம் நின்றது, 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சிறிய சிறைக் கட்டடத்தின் முன்னால்தான். முதல் உலகப்போரில் 1916-இல் கட்டாய இராணுவச் சேவை வந்தபோது, மனசாட்சியின் பேரால் போரிட மறுத்தவர்கள் இங்கே அடைக்கப்பட்டார்கள். ஆயுதம் ஏந்தாத வேலைகூடப் போருக்குத் துணைபோவதுதான் என்று மறுத்த 16 பேரைப் படை பிரான்சுக்கு அனுப்பி, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது. மரண தண்டனை விதிக்கப்பட்டதாக அறிவித்து, உடனேயே அதைப் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். சிறையறைச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சில் கைதிகள் பென்சிலால் எழுதிய வரிகளும், பாடல்களும், வரைந்த முகங்களும் இன்றும் இருக்கின்றன. பூச்சு மிக மென்மையானது என்பதால் அறைகளுக்குள் வழக்கமாக அனுமதிப்பதில்லை. கண்காட்சிப் பகுதியில் இந்த வரலாறு சொல்லப்படுகிறது. அதை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே வந்ததும் கோட்டை மதிலை வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும் காசில் வாக் என்னும் நடைவழியில் போங்கள். ஆற்றின் இரைச்சல் கீழிருந்து வரும், பழைய பாலமும் தெரியும். இங்கிருந்து பார்த்தால் போதும், இறங்க வேண்டாம்.

மதியம்: ஒரே ஒரு இறக்கம்

திடலுக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குள் கிளம்புங்கள். செல்லவேண்டிய இடம் கிழக்கே ஒரு மைல் தொலைவிலுள்ள ஈஸ்பி மடாலயம். ஏன் இதைத் தேர்ந்தேன் என்றால், வெயின்ரைட் வகுத்த பாதை ரிச்மண்டிலிருந்து பாலத்தைக் கடந்து ஆற்றின் தென்கரை வழியே போய்விடுகிறது. மடாலயம் வடகரையில் இருக்கிறது. இன்று பார்க்காவிட்டால் இந்த நடையில் பார்க்காமலேயே போகும்.

ஸ்டேஷன் ரோடு வழியே இறங்கும்போது செயின்ட் மேரி ஆலயம் வரும். ஈஸ்பி மடாலயம் கலைக்கப்பட்டபோது அங்கிருந்து கொண்டுவந்த பாடகர் இருக்கைகள் இதற்குள் இருக்கின்றன. மடக்கும் பலகைகளின் அடியில், பன்றி ஒன்று பேக்பைப் வாசிக்கும் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். ஆலயத்தை ஒட்டிக் கீழே செல்லும் லொம்பார்ட்ஸ் வைண்ட் வழியாக ஈஸ்பிக்கான வழிகாட்டிப் பலகையைத் தொடர்ந்தால், சற்று நேரத்தில் பாதையோரம் ஒரு கல் நிற்கும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கத்தைக் கண்ட வீரர்கள், முரசடிக்கும் சிறுவன் ஒருவனை உள்ளே அனுப்பி, தரைக்கு மேலே அந்த ஓசையைப் பின்தொடர்ந்து நடந்தார்கள் என்றும், இந்த இடத்தில் ஓசை நின்றுபோயிற்று, சிறுவன் திரும்பவே இல்லை என்றும் ஊரார் சொல்லும் கதைக்கு அடையாளமான கல் அது.

மடாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ரிச்மண்ட் கோட்டையின் காவல் அதிகாரியான ரோல்ட் 1152-இல் இதை நிறுவி, வெள்ளை அங்கி அணிந்த பிரெமான்ஸ்ட்ராட்டென்சிய துறவியரிடம் ஒப்படைத்தார். 1346-இல் ஸ்காட்லாந்தியரை எதிர்க்கச் சென்ற ஆங்கிலப் படை இங்கே தங்கியபோது, பகைவர் செய்திருக்கக்கூடிய அளவுக்குச் சேதம் செய்துவிட்டுப் போனது. எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. உணவுக்கூடத்தின் உயர்ந்த சாளரங்கள் கண்ணாடி இல்லாமல் வானத்தைச் சட்டமிட்டு நிற்கின்றன. இடிபாடுகளோடு திரும்பிவிடாமல், அதே வளாகத்தில் முழுமையாக நிற்கும் செயின்ட் அகதா ஆலயத்துக்குள்ளும் போங்கள். 13-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் ஆதாம் ஏவாள் கதை ஒருபுறம் இருக்க, சாளரப் பக்கங்களில் ஓர் உழவன் விதைப்பதும் கிளை கழிப்பதும் தீட்டப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாத மக்களுக்காக வரைந்த அந்தக் காவிநிறக் கோடுகள், எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உழவனின் குனிந்த முதுகைக் காட்டுகின்றன. அங்குள்ள ஈஸ்பி சிலுவை ஒரு பிரதி, மூலம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வந்த வழியே திரும்ப வேண்டாம். சற்றுத் தள்ளிப் பழைய ரயில் பாலத்தில் ஆற்றைக் கடந்தால், தண்டவாளம் நீக்கப்பட்ட ரயில்பாதை சமதளமான நடைவழியாக ஊரை நோக்கிப் போகிறது. அது முடியுமிடத்தில் 1846-இல் திறந்து 1969-இல் மூடிய ரயில் நிலையம் நிற்கிறது. 2007-இல் அதைச் சீரமைத்துத் திரையரங்கும் உணவகமும் கடைகளுமாக மாற்றியிருக்கிறார்கள். இங்கே தேநீர் அருந்தி, காலை நீட்டி, நன்றாக இளைப்பாறுங்கள். அதன் பிறகு திடல்வரை உள்ள மேடுதான் அன்றைய ஒரே ஏற்றம்.

வழியில் ஒரு பாதுகாப்புச் சொல். ஸ்வேல் இங்கிலாந்தின் மிக வேகமாகப் பெருகும் ஆறுகளில் ஒன்று. மேற்கே மலையில் மழை பெய்திருந்தால், இங்கே வெயிலடித்தாலும் நீர் சட்டென்று உயரும். பாறைகளில் இறங்காதீர்கள்.

மாலை

இரவு உணவைத் தள்ளிப்போடாதீர்கள். சிறு ஊர்களின் மதுக்கூடங்களில் சமையலறை இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோ அடைத்துவிடும். கூட்டமுள்ள நாளில் மேசையை முன்பே சொல்லிவைக்க வேண்டும். உணவுப் பட்டியலில் ‘வி’ என்ற எழுத்து சைவத்தைக் குறிக்கும். பெரும்பாலான இடங்களில் நீங்களே கல்லாவுக்குச் சென்று மேசை எண்ணைச் சொல்லிக் கேட்டு, பணமும் கட்டிவிட வேண்டும்.

இன்னும் தெம்பு இருந்தால், ஜார்ஜியன் தியேட்டர் ராயலில் ஏதேனும் நிகழ்ச்சி உண்டா என்று பாருங்கள். நடிகரும் நாடகக்குழுத் தலைவருமான சாமுவேல் பட்லர் 1788-இல் கட்டிய இந்த அரங்கு 1848-இல் மூடப்பட்டு, பிறகு கிடங்காகப் பயன்பட்டு, 1963-இல் மீண்டும் நாடகத்துக்குத் திறந்தது. மிகச் சிலருக்கே இடம் இருப்பதால், நடிகரின் மூச்சு கடைசி வரிசைக்கும் கேட்கும். நிகழ்ச்சி இல்லாத நாளில், பகலில் நடக்கும் வழிகாட்டிச் சுற்றுலாவைக் கோட்டைக்கும் மதிய உணவுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

அறைக்குத் திரும்பியதும் உலர்ந்த துணியை மடித்து வையுங்கள், காலணிக்குள்ளிருக்கும் காகிதத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர்ப் புட்டியை நிரப்புங்கள். மறுநாள் எவ்வளவு தூரம் என்பதையும் அன்றிரவே முடிவு செய்யுங்கள். டேன்பி விஸ்கில் தங்கினால் ஏறத்தாழ 14 மைல், இங்கிள்பி கிராஸ் வரை போனால் 23 மைல். இரண்டாவதைத் தேர்ந்தவர்கள் எட்டு மணிக்குள் புறப்பட வேண்டும்.

காலையில் பாதை உங்களைத் தானாகவே பழைய பாலத்துக்கு இறக்கிவிடும். ஜான் கார் வடிவமைத்து 1789-இல் முடிந்த கல்பாலம் அது. முதுகுப்பையோடு அதன் நடுவில் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பாருங்கள். நேற்று நீங்கள் மேலிருந்து பார்த்த ஆற்றுக்கு மேலே, பாறையின் விளிம்பில், கோட்டை முழுவதுமாகத் தெரியும்.